தரை நனைந்தால் நாயை அடிப்பதா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

நன்றிக்கு எடுத்துக்காட்டு நாய் என்று தொடக்கப் பள்ளி நாள்தொட்டு நாம் படித்து வருகிறோம். பேச்சுப் போட்டிகளில் அதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்த நன்றியுள்ள பிராணி ஒரு நாள் காலையில் வீட்டுக்குள் சிறுநீர் கழித்துவிட்டால் நமது நன்றி எங்கே போகிறது? கையில் கிடைத்த விளக்குமாறு முதலில் பேசுகிறது. பிறகு சங்கிலி பேசுகிறது. சில வீடுகளில் கடைசியாகச் சாக்குப்பை பேசுகிறது. எங்கள் அருமனைப் பகுதியில் அவ்வாறு சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றி, அயலூர்ச் சந்தை முக்கில் இறக்கிவிடப்பட்ட நாய்கள் உண்டு. அவை செய்த குற்றம் என்ன? தரையை நனைத்தது. அவ்வளவே.

இது கல்லூரி மலரில் எழுதத் தக்க பொருளா என்று சிலர் நகைக்கலாம். விண்வெளியையும் விடுதலைப் போரையும் பற்றி எழுதும் நண்பர்களுக்கு நடுவே நாயின் சிறுநீரைப் பற்றி ஒருவன் எழுதுவதா? எழுதலாம் என்பதே என் எண்ணம். வகுப்பறையில் படித்த விலங்கியல், வீட்டுத் தரையில் உதவவில்லை என்றால், அந்தப் படிப்பு தேர்வுத் தாளோடு முடிந்துவிட்ட படிப்புத்தான்.

பழகாத குட்டியைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. குட்டி தரையை நனைப்பது குழந்தை தொட்டிலை நனைப்பது போன்றது. ஆண்டுக்கணக்காக ஒழுங்காக வெளியே போய்வந்த நாய், ஒரு நாள் திடீரென்று வீட்டுக்குள் அசுத்தம் செய்யத் தொடங்குகிறதே, அதைப் பற்றியே பேசுகிறேன். ஏனென்றால் அந்த நாய்தான் அதிகம் அடிபடுகிறது. 'இதற்குத் தெரியும், தெரிந்தேதான் செய்கிறது' என்ற தீர்ப்பு அதன் மேல்தான் விழுகிறது.

நாய்க்கு வஞ்சம் உண்டா?

நாயின் உடலமைப்பிலேயே தூய்மை உணர்ச்சி இருக்கிறது. பிறந்து மூன்று வாரம் வரை தாய் நாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்குச் சிறுநீர் கழியும். அதன்பின் குட்டி தள்ளாடித் தள்ளாடியாவது படுக்கையை விட்டு நகர்ந்து சென்று கழிக்கத் தொடங்குகிறது. படுத்த இடத்தை அசுத்தம் செய்யாமை நாயின் இயல்பு. நாம் செய்யும் பழக்கமெல்லாம் அந்த இயல்பின் மேல் கட்டிய கட்டடம்தான்.

இந்தப் பழக்கத்தை நாய் எவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு விண்வெளி வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1957 நவம்பர் 3 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக் 2 கலத்தில் லைக்கா என்ற நாயை அனுப்பியது. மாஸ்கோத் தெருவில் பிடித்த நாய் அது. பயணத்துக்குப் பழக்குவதற்காக லைக்காவையும் அதன் கூட்டாளி நாய்களையும் நாளுக்கு நாள் சிறிதாகும் கூண்டுகளில் 20 நாள் வரை அடைத்து வைத்தார்கள். அந்த நெருக்கடியில் நாய்கள் மலசலம் கழிப்பதையே நிறுத்திவிட்டன. உடல் நலம் கெட்டது; பேதி மருந்து கொடுத்தும் பயனில்லை; நெடுநாள் பயிற்சிக்குப் பின்னரே வழிக்கு வந்தன. தெருவில் வளர்ந்த நாய்களே நின்ற இடத்தை அசுத்தம் செய்ய இவ்வளவு தயங்கின என்றால், நம் வீட்டில் வளர்ந்த நாய் வேண்டுமென்றே வீட்டை நனைக்கிறது என்று எப்படிச் சொல்வது?

'அது குற்றவாளிபோல் முழிக்கிறதே, காதை மடக்கிக்கொண்டு பதுங்குகிறதே' என்பார்கள். நியூயார்க்கில் உள்ள பர்னார்டு கல்லூரியின் ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இந்த முழிப்பைச் சோதித்துப் பார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டார். 14 நாய்கள். தின்னக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போன பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பது உரிமையாளருக்குத் தெரியாதபடி சோதனை நடந்தது. தவறு செய்த நாய்தான் குற்றவாளி முகம் காட்டியதா? இல்லை. எந்த நாயை உரிமையாளர் திட்டினாரோ அந்த நாய்தான் அப்படி முழித்தது; தவறே செய்யாத நாயும் திட்டு வாங்கியபோது அப்படியே முழித்தது. ஆகவே நாம் குற்ற உணர்ச்சி என்று படிக்கும் அந்த முகத்தில் எழுதியிருப்பது அச்சம். நம்மைப் பற்றிய அச்சம்.

தீனமா, திமிரா?

நோய்க்குக் குமரி மாவட்டத்தில் தீனம் என்று ஒரு சொல் உண்டு. 'பிள்ளைக்குத் தீனமா?' என்று கேட்பார்கள். பழகிய நாய் வீட்டை நனைத்தால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுவே: தீனமா, திமிரா? பெரும்பாலும் முதல் சொல்லைக் கேட்காமலே இரண்டாவதற்குத் தாவிவிடுகிறோம்.

தீனங்கள் பல. சிறுநீர்ப் பையில் கிருமி சேர்ந்தால் நாய் அடிக்கடி சிறுகச் சிறுகக் கழிக்கும், அடக்க இயலாது. பையில் கல் உண்டானாலும் அவ்வாறே. நீரிழிவு மனிதனுக்கு மட்டும் உரியதன்று. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது. நாய் நிறையக் கழிக்கிறது. இழந்ததை ஈடுசெய்ய நிறையக் குடிக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தாலும் இதே நிலைதான். நாள் ஒன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் ஒரு நாய் தண்ணீர் குடித்தால் அது நோயின் அறிகுறி என்று கால்நடை மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். 10 கிலோ நாய்க்கு அது ஒரு லிட்டர். ஒரு பாத்திரமும் அளவுக் குவளையும் இருந்தால் யாரும் இதை வீட்டிலேயே அளந்துவிடலாம்.

கருத்தடை செய்த பெண் நாய்களில் சில, ஆண்டுகள் கழித்து, உறங்கும்போது அறியாமலே சிறுநீரை ஒழுகவிடும். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் சிறுநீர்க் குழாயின் பிடிப்பு தளர்வதே காரணம். மருந்தால் இதைப் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம். இதைக் காட்டிக் கருத்தடையே வேண்டாம் என்பது அறிவுடைமை ஆகாது. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வேறோர் ஆபத்து உண்டு. சூட்டுக்கு வந்து சில வாரம் கழிந்தபின் மிகுதியாகத் தண்ணீர் குடித்து, உணவை மறுத்து, சோர்ந்து கிடந்தால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அது உயிர் போகும் நோய். அதுபோல், ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கி முக்கியும் சொட்டுக்கூட வராவிட்டால் கல் அடைத்திருக்கலாம். இவ்விரண்டிலும் நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது. அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

முதுமையும் ஒரு காரணம். நாய்க்கும் மூளை தளர்ந்து நினைவு மங்குவது உண்டு. கலிபோர்னியாவில் நடந்து 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதமும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதமும் அத்தகைய தளர்ச்சியின் அறிகுறி ஒன்றையாவது காட்டின. பழகிய இடத்தை மறந்து வீட்டுக்குள் கழிப்பது அவ்வறிகுறிகளுள் ஒன்று. நம் வீட்டுத் தாத்தா படுக்கையை நனைத்தால் அவரை அடிப்போமா? துணியை மாற்றுவோம், 'வயசாச்சு' என்போம். அந்த ஒரு சொல்லை நாய்க்கும் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அச்சத்தில் அழியும் பழக்கம்

தீனம் இல்லாத நாயும் நனைப்பது உண்டு. அங்கே அச்சத்தைத் தேட வேண்டும். செரிமான ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லோவை விலங்கியல் மாணவர் அனைவரும் அறிவர். மணியோசையும் உமிழ்நீரும் நமக்கு மனப்பாடம். ஆனால் அவர் நாய்களுக்கு 1924-இல் நேர்ந்ததை நம்மில் பலர் அறியோம். அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று லெனின்கிராடு நகரில் பெருவெள்ளம். நாய்க் கொட்டிலில் நீர் ஏறிக் கூண்டுகளில் நாய்கள் மூழ்கும் நிலை. ஆட்கள் போய் அவற்றை மீட்டார்கள். உயிர் பிழைத்த நாய்கள் சிலவற்றிடம், முன்பு மாதக்கணக்கில் பதிந்திருந்த பழக்கங்கள் காணாமற் போயின. மெல்ல மெல்ல அவை திரும்பிய பிறகும், சோதனை அறையின் கதவடியில் சிறிது நீர் கசிந்து வரச் செய்ததும் பழையபடி கலங்கிவிட்டன. கற்ற பழக்கத்தைப் பேரச்சம் அழித்துவிடும் என்பதே அந்த வெள்ளம் கற்பித்த பாடம்.

இதை உணர நாம் லெனின்கிராடு வரை போக வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியது. ரப்பரும் வாழையும் வேரோடு சாய்ந்தன. பல நாள் மின்சாரம் இல்லை. மனிதர்களே நடுங்கிய அந்த இரவை நாய்கள் மட்டும் எளிதில் மறந்திருக்குமா? புயல் இல்லாத ஆண்டிலும் இடி உண்டு; தீபாவளி வெடி உண்டு; கோயில் கொடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் வெடி உண்டு. விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விழா இரவில் நாயை முற்றத்தில் கட்டிப் போடாமல் உள்ளறை ஒன்றில் விடுங்கள்; மறுநாள் தரை நனைந்திருந்தால் அதை அச்சத்தின் கணக்கில் எழுதுங்கள் என்கிறேன்.

வீடு மாறியது, நாயிடம் யார் சொன்னது?

மூன்றாவது காரணம் நாம்தான். எங்கள் ஊர்ப் பக்கம் நாய் முற்றத்துப் பிராணியாக இருந்தது. விளைக்குள் ஓடித் திரியும்; மண்ணில் கழிக்கும்; மழை கழுவிவிடும். இன்று வீடு தோறும் மதில், இரும்பு வாசல், பளபளக்கும் டைல்ஸ் தரை. முற்றத்து மண்ணையும் இன்டர்லாக் கல்லால் மூடிவிட்டோம். மண்ணையும் புல்லையும் மோந்து பார்த்துக் கழித்துப் பழகிய நாய், எந்தத் தரையில் பழகியதோ அந்தத் தரையைத்தான் தேடும். மண்ணே இல்லாத முற்றத்தில் அது எங்கே போகும்? கால்மிதியின் மேல் போகிறது. ஏனென்றால் வீட்டிலேயே புல்லுக்குச் சற்று நெருக்கமான பொருள் அதுதான்.

நேரமும் அவ்வாறே. எங்கள் வீட்டு நாயை எடுத்துக்கொள்கிறேன். என் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் நான்கு மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கதவைத் திறப்பார்; நாயும் அவரோடு வெளியேறும். சென்ற ஆனி, ஆடி மழையில் அது அடுக்களை வாசலை நனைக்கத் தொடங்கியது. 'கொழுப்பு கூடிப்போச்சு' என்று அடி விழுந்தது. நான் ஒரு பழைய நோட்டில் நாளையும் நேரத்தையும் குறித்து வந்தேன். நனைந்த நாட்கள் எல்லாம் மழையால் வெட்டு நின்ற நாட்கள். அன்று தந்தையார் ஆறு மணி வரை உறங்குவார். கதவு திறக்காது. நாயின் வயிற்றுக்குள் இருக்கும் கடிகாரத்துக்கு மழை விடுமுறை கிடையாது அல்லவா?

கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். 'நாலெழுத்து படிச்சிட்டு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா?' என்று கேட்கும் உரிமை தந்தையாருக்கு உண்டு. அவரிடம் பாவ்லோவைச் சொல்லிப் பயனில்லை. எனவே அவர் தொழிலையே சொன்னேன். 'அப்பா, பால் குறைஞ்ச மரத்த நீங்க அடிப்பியளா?' என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பால் குறைந்த மரத்தை எந்த வெட்டுக்காரரும் அடிப்பதில்லை. பட்டையைப் பார்ப்பார், வெட்டை நிறுத்தி ஓய்வு கொடுப்பார், கூடுதலாக வெட்டிவிட்டோமோ என்று தம் கத்தியை நினைத்துப் பார்ப்பார். மரத்துக்குக் காட்டும் அந்த அறிவை நாய்க்கும் காட்டினால் போதும். அந்த அறிவு அவரிடம் ஏற்கெனவே இருந்தது. புத்தகம் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மழை நாட்களில் இப்போது நான் நான்கு மணிக்கு எழுந்து கதவைத் திறக்கிறேன். அந்த நேரம் படிப்புக்கும் ஆகிறது.

செய்ய வேண்டியவை

இனிச் செயலுக்கு வருவோம். முதலாவது, அடிக்குமுன் குறித்து வையுங்கள். எந்த நேரம், எந்த இடம், நிறையவா சொட்டா, விழித்திருந்தபோதா உறக்கத்திலா, தண்ணீர் கூடுதலாகக் குடிக்கிறதா? இந்த ஐந்து விவரமும் மருத்துவருக்குப் பாதி நோயைச் சொல்லிவிடும். காலையில் கழிக்கும் முதல் சிறுநீரைச் சுத்தமான குப்பியில் பிடித்துக் கொண்டுபோனால் இன்னும் நன்று. அரசு கால்நடை மருந்தகம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும் உரியதன்று என்பதை நம் ஊர் மக்களுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தீனம் இல்லையென்றால் குட்டிக்குச் சொல்லிக் கொடுத்ததைப் போல் மீண்டும் தொடங்குங்கள். எழுந்தவுடன், தின்றவுடன், உறங்குமுன் வெளியே கூட்டிச் செல்லுங்கள். உரிய இடத்தில் கழித்த அந்த நொடியிலேயே தட்டிக் கொடுங்கள். ஒரு துண்டு மீனோ கிழங்கோ கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குக் கிடைத்த பரிசு என்றே நாய் எண்ணும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மழைக்கு ஒதுங்கிக் கழிக்கக் கூரையடியில் ஒரு முழம் மண்ணையாவது மூடாமல் விட்டுவையுங்கள். நனைக்கிறதே என்று தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். நோயுற்ற நாய்க்கு அது கொடுமை.

மூன்றாவது, மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்க்கும் பழைய வழக்கத்தை விட்டொழியுங்கள். அதனால் நாய் ஒன்றே ஒன்றைக் கற்கிறது: மனிதன் பார்க்கும்போது கழித்தால் ஆபத்து. பிறகு அது கட்டிலடியில் கழிக்கும். வெளியே கூட்டிப் போனாலும் நம் முன்னால் கழிக்க அஞ்சும்.

நான்காவது, வாசனை. நம் மூக்கில் உள்ள மோப்ப உயிரணுக்கள் சில கோடிகளுக்குள் அடங்கும்; நாய்க்கு 20 கோடிக்கும் மேல். பினாயில் நம் மூக்கை ஏமாற்றும். நாயின் மூக்கை ஏமாற்றாது. பழைய வாசனை கிடக்கும் வரை, கழிக்க வேண்டிய இடம் இதுவே என்று அந்தத் தரை நாயிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். அம்மோனியா கலந்த திரவம் சிறுநீரின் வாசனையையே கூட்டும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர் மேல் நேரே தூவினால் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுப் புகை எழும். முதலில் துணியால் ஒற்றி எடுத்து, நீர்விட்டுக் கழுவி, நொதிகள் அடங்கிய கழுவும் திரவம் கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். எலிக் காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீர் வழியாகவும் பரவக்கூடும் என்பதால் கையுறையோடு துடையுங்கள். நாய்க்கு அதற்கான தடுப்பூசியும் உண்டு.

துடைப்பவர் யார்?

துடையுங்கள் என்று எழுதிவிட்டேன். துடைப்பவர் யார்? இதுவே என்னை உறுத்தும் கேள்வி. குட்டியை ஆசையாக வாங்கி வருபவர் மகன். கைப்பேசியில் அதோடு படம் எடுத்துப் போடுபவரும் மகன். குனிந்து தரையைத் துடைப்பவர் அம்மா. நாயின் மேல் அம்மாவுக்கு வரும் கோபத்தில் பாதி, உண்மையில் நம் மேல் வர வேண்டிய கோபம். நானும் ஆண்பிள்ளைதான், அதனால் துணிந்து சொல்கிறேன். நாயை வளர்ப்பவன் துடைக்கும் துணியையும் கையில் எடுக்கட்டும். அது முடியாது என்றால் நாய் வளர்க்கும் ஆசையை விட்டுவிடட்டும். பல நாய்கள் தெருவுக்குப் போகாமல் இந்த ஒன்றே காக்கும்.

'மனுசனுக்கே மருந்து வாங்க வழியில்லை, இதில் நாய்க்கா?' என்று கேட்போர் உண்டு. கூலி வேலை செய்யும் வீட்டிலிருந்து வந்தவன் என்ற முறையில் அந்தக் கேள்வியின் நியாயத்தை நான் அறிவேன். ஆனால் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதிக்குக் காசு வேண்டியதில்லை. கதவைத் திறக்கும் நேரம், ஒரு முழம் மண், ஒரு பழைய நோட்டு, அடிக்காத கை. இவை ஏழை வீட்டிலும் உள்ளவையே.

சட்டமும் இருக்கிறது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சி வித்திட, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. பட்டினியால் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். முதற் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஐம்பது ரூபாய்க்கு அஞ்சி யாரும் நாயை வைத்துக்கொள்ளப் போவதில்லை. உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமகனின் அடிப்படைக் கடமை என்று 1976-இல் அரசியல் சட்டத்திலும் எழுதினோம். எழுதியது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. சாக்குப்பை ஆட்டோவில் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெருநாய்களைப் பற்றி ஆணைகள் பிறப்பித்தபோது நம் விடுதியிலும் தேநீர்க் கடையிலும் காரசாரமாக விவாதித்தோம். தெருநாய்களை என்ன செய்வது என்று கேட்டோம். அவற்றில் சில யார் வீட்டிலிருந்து வந்தன என்று கேட்டோமா? வீட்டு நாயைத் தெருவில் விடுபவன், தடுப்பூசி இல்லாத, உணவு தேடத் தெரியாத, கலங்கிப்போன ஒரு விலங்கை இன்னொருவர் பிள்ளை நடக்கும் வழியில் விடுகிறான். தன் வீட்டுத் தரையைக் காப்பாற்ற ஊர்ச் சாலையை ஆபத்தாக்குகிறான். இது நாய்ப் பிரச்சினை மட்டுமன்று, மனிதப் பிரச்சினை.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் நம் பட்டத்தை ஆவலோடு எதிர்பார்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டம் வருவதற்கு முன்னரே வீட்டுக்குக் கொண்டு செல்லக்கூடிய ஒன்று உண்டு. அது காரணம் கேட்கும் பழக்கம். தண்டிக்குமுன் ஏன் என்று கேட்பது. வாயில்லாத உயிரிடம் அதைத் தொடங்கினால், வாயிருந்தும் பேச இயலாத மனிதரிடத்தும் அது தானே தொடரும். அடுத்த முறை தரை நனைந்திருக்கக் கண்டால் விளக்குமாற்றைத் தேட வேண்டாம். முதலில் கதவைத் திறப்போம். பிறகு துணியை எடுப்போம். அதன்பின் காரணத்தைத் தேடுவோம்.